முழுக்கைச் சட்டை

என் இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. மூன்று வயதில் காமாலை கண்டபோது வைத்த சூடு என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. காமாலைக்கு, வலிப்புக்கு, பால் கக்குகிற பிள்ளைக்கு என்று ஊசியையோ மஞ்சளையோ பழுக்கக் காய்ச்சி ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். வைத்தவர்களுக்கு அது மருந்து. வைத்துக்கொண்டவர்களுக்குப் பெரியவர்களான பிறகு சொல்லிச் சிரிக்க ஒரு கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தழும்பால்தான் நான் ஏமாந்தேன்.

இந்த இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள். காலேஜை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு மதுரையில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊரில் எந்தச் சங்கம் ஆரம்பித்தாலும் நான் அதில் மெம்பர். வாசகசாலை, இரவுப் பள்ளி, விவாத சபை, வெள்ள நிவாரணம் எல்லாவற்றுக்கும் ஒரே சைக்கிளில் ஓடுவேன். ஓடாமல் இருந்தால் எனக்கு உடம்பு வலிக்கும். அப்படித்தான் அநாதைக் குழந்தைகளுக்கான ஒரு சங்கத்திலும் போய் ஒட்டிக்கொண்டேன். ஒரு காலரா வருஷத்துக்குப் பிறகு அவர்களுடைய விடுதியில் இடமில்லாமல் போனது. அதனால் சில குழந்தைகளைச் சுற்றுப்பட்டியில் நல்ல குடும்பங்களாகப் பார்த்து வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் அந்தக் குழந்தைகளைப் பார்த்து ரிப்போர்ட்டு எழுத ஆள் வேண்டும். சங்கத்தில் இருந்த இரண்டு அம்மாள்கள் டவுனைத் தாண்டிப் போகமாட்டார்கள். "நான் போறேன்" என்று எழுந்து நின்றவன் நான்.

ரிப்போர்ட்டுக்கு ஒரு அச்சடித்த பாரம் உண்டு. உடல்நலம், உடை, படிப்பு, ஒழுக்கம், யோசனைகள் என்று ஐந்து கட்டம். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இங்கிலீஷும் சரளமாக வரும். சங்கத்தின் காரியதரிசி ஒரு வக்கீல். என் முதல் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, இதைக் கோர்ட்டுல படிச்சா ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாருப்பா" என்றார். ஒரு வாரம் அந்தப் பாராட்டிலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

போவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு கார்டு போடுவது வழக்கம். இன்ன தேதி வருகிறேன், குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று நாலு வரி. இது யார் வைத்த சட்டமும் இல்லை. ஒரு கௌரவமான வீட்டுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் எப்படி நுழைவது? பெண்டுபிள்ளைகள் இருக்கிற இடம். அவர்கள் நமக்குச் சோறு ஆக்க வேண்டாமா? எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை.

எனக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று உசிலம்பட்டிக்கு அந்தப்புறம், ஸ்டேஷனிலிருந்து நாலு மைல். அந்த ஊர் மணியகாரர் வீடு. வரி வசூலிக்கிறதும், பிறப்பு இறப்புப் பதிகிறதும் அவர்தான். கணவன் மனைவிக்குக் குழந்தை இல்லை. "சர்க்கார் மனுசன் வீடு, கோயில் மாதிரி வச்சிருக்காங்க, அந்தப் புள்ளைக்கு அதிர்ஷ்டம்" என்று காரியதரிசி சொல்லித்தான் என்னை அனுப்பினார். புள்ளை என்பது ஒரு பெண். ஏழு வயது இருக்கும்.

முதல் தடவை போனது ஐப்பசியில். வழியெல்லாம் சகதி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அந்தப் பெண் வாசலிலேயே நின்றிருந்தது. வாய் ஓயாத பிள்ளை.

"நீங்க ரயில்லயா வந்தீக?"

"ஆமா."

"ரயிலு மதுரைல எங்க படுத்துத் தூங்கும்?"

"அதுக்குன்னு ஒரு கொட்டகை இருக்கு."

"தனியாவா?"

மணியகாரரின் மனைவி உள்ளே இருந்து சிரித்தாள். "பாத்தீகளா தம்பி, பொழுதன்னைக்கும் இப்படித்தான். எனக்குக் காது புளிச்சுப்போச்சு." இனிய குரல். நெற்றி நிறையத் திருநீறு. எனக்கு வாழையிலை போட்டு, சோற்றில் குழி பறித்து நெய் ஊற்றினாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்தப் பிள்ளை செம்பில் தண்ணீர் ஊற்றியது. அப்போதுதான் அதன் முன்கையில் ஒரு தழும்பைப் பார்த்தேன். இன்னும் சிவப்பு மாறவில்லை. நான் கேட்பதற்கு முன்னால் அந்த அம்மாள் சொன்னாள்: "வந்தப்பவே கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடந்துச்சு தம்பி. சூடு வச்ச பெறகுதான் தெளிஞ்சுச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். என் கையைத் திருப்பி அந்தப் பிள்ளையிடம் காட்டினேன். "இங்க பாரு, எனக்கும் இருக்கு. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி."

அது என் தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டது:

"ஒங்களுக்கு எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு" என்று சிரித்தேன். அது சிரிக்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

'உடல்நலம்: காமாலையிலிருந்து தேறிவிட்டது. ஒழுக்கம்: கலகலப்பான குழந்தை' என்று இங்கிலீஷில் எழுதினேன்.

தையில் இரண்டாவது தடவை போனேன். புதுப் பாவாடை கட்டியிருந்தது. பேச்சுக் குறைந்திருந்தது. "பொங்கல் வேலையில களைச்சுப் போச்சு" என்றார் மணியகாரர். மணியகாரரைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நல்ல உயரம், மெதுவான பேச்சு, என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனால் என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். பிள்ளையை அழைத்து, "சாருக்குப் பாடம் ஒப்பி" என்றார். அது கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் வாய்ப்பாடு ஒப்பித்தது. ஒரு தப்பு இல்லை. 'படிப்பு: திருப்தி.'

மூன்றாவது தடவை சித்திரை. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். எங்கள் விவாத சபைப் பையன்கள் ஆற்றங்கரையில் தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தார்கள், அதற்கு நான்தான் தலைவன். மத்தியான ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டும் என்று மனசு மதுரையிலேயே இருந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சைக்கிள் கைப்பிடியைத் தொட முடியவில்லை. அந்த வெயிலில் அந்தப் பிள்ளை மணிக்கட்டுவரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டு நின்றது. கழுத்துவரை பொத்தான். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஞாபகம் வந்தது. 'பரவாயில்லையே, பட்டிக்காட்டில்கூட இவ்வளவு நாகரிகமாக உடுத்துகிறார்களே' என்று நினைத்தேன்.

இலையில் உட்கார்ந்தேன். மோர் கொண்டுவந்தது அந்தப் பிள்ளை. இடது கையால் ஊற்றியது.

"பீச்சாங்கையிலயாடி ஊத்துவ?" என்றாள் அந்த அம்மாள். "தம்பி என்ன நெனைப்பாக?"

"இருக்கட்டும்மா, சின்னப் பிள்ளைதானே" என்றேன். பெருந்தன்மை காட்டுகிறேன் என்று நினைப்பு. பிள்ளை செம்பை வலது கைக்கு மாற்றப் பார்த்தது. முடியாமல் மறுபடி இடது கைக்கே கொண்டுபோனது. மோர் சிந்தியது. அதன் வலது கை உடம்போடு ஒட்டியபடியே இருந்தது. இது எனக்கு இன்று தெரிகிறது. அன்று நான் பார்த்தது இலையில் சிந்திய மோரை.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஸ்டேஷனில் உட்கார்ந்து அங்கேயே பாரத்தை நிரப்பினேன். 'உடை: மிகச் சுத்தம். முழுக்கைச் சட்டை. மற்றக் குடும்பங்களுக்கு முன்மாதிரி. யோசனைகள்: வலது கையைப் பயன்படுத்தப் பழக்க வேண்டும்.'

மையைக் காய வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, என் வயதுதான் இருக்கும். அந்த ஊர் மிஷன் பள்ளியில் வாத்தியாரம்மா. வீடு உசிலம்பட்டியில். நான் ஸ்டேஷனில் இருப்பேன் என்று தெரிந்தே வந்திருக்கிறாள்.

"சார், அந்தப் பிள்ளை பொங்கலுக்குப் பெறகு பள்ளிக்கூடத்துக்கு வரல" என்றாள்.

"நல்லாத்தானே இருக்கு? இப்பத்தான் பார்த்துட்டு வாரேன்."

"கார்டு போட்டுட்டுப் போனா நல்லாத்தான் இருக்கும். அடுத்த தடவை கார்டு போடாம வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. மணியகாரர் வீட்டில் சாப்பிட்ட கை இன்னும் மணக்கிறது. மிஷன் பள்ளிக்கும் மணியகாரருக்கும் ஏதோ தகராறு போலிருக்கிறது என்று மனசு உடனே ஒரு கதை கட்டிக்கொண்டது. பேச்சை லேசாக்கலாம் என்று, "அது சுட்டிப் பிள்ளையாச்சே டீச்சர், எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சு தெரியுமா" என்று, தழும்பைக் காட்டியதையும் 'ஒங்களுக்கு எத்தனை' என்றதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் குடையை மடக்கினாள். "நான் எண்ணியிருக்கேன் சார்" என்றாள். "தைக்கு முன்னாடி, தண்ணித் தொட்டிக்கிட்ட வச்சு. பதினொண்ணு."

நான் பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"படுக்கையில ஒண்ணுக்குப் போகுதாம். அதுக்கு மருந்தாம். அந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் மருந்துக்குத்தானேங்குறாங்க. இப்பவே என்கூட வாங்க சார். ரெண்டு பேரும் போயி, சட்டையைக் கழட்டிப் பாப்போம். நீங்க சங்கத்து ஆளு, ஒங்களை அவுக தடுக்க முடியாது."

ரயில் வந்துகொண்டிருந்தது. "திருவிழா முடியட்டும் டீச்சர். காரியதரிசிகிட்டச் சொல்லி முறையா வாரேன்" என்றேன். நான் சைக்கிளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மடக்கிய குடையோடு அதே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

அழகர் இறங்கினார். தண்ணீர்ப்பந்தலில் எத்தனை செம்பு மோர் ஊற்றினேனோ தெரியாது. ஒவ்வொரு செம்பையும் வலது கையால்தான் ஊற்றினேன்.

திருவிழா முடிந்ததும் காரியதரிசியிடம் போனேன். வேகமாகச் சொன்னேன், கையை ஆட்டிச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தரப்பு சொல்றதைக் கேட்டுக்கிட்டு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காம வீடு புகுந்தா நாளைக்கு எவன் நம்ம பிள்ளையை வளர்ப்பான்? மொதல்ல ஒரு கார்டு போடு. டாக்டர்கிட்டக் காட்ட மதுரைக்குக் கூட்டிட்டு வாரோம்னு மரியாதையா எழுது. அப்புறம் இந்தப் பாரம், விசிட்டு எல்லாத்தையும் சீர்திருத்தணும்னு நீ நினைச்சா ஒரு அறிக்கை எழுதிக் கொடு. கமிட்டியில வைப்போம்."

அறிக்கை என்ற சொல்லில் நான் விழுந்தேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. அன்றே கார்டைப் போட்டேன். மறுநாளிலிருந்து வாசகசாலையில் உட்கார்ந்து, வளர்க்கக் கொடுக்கும் முறையின் குறைகளும் அவற்றுக்கான பரிகாரங்களும் என்று நான்கு பக்கம் எழுதினேன். சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும், குழந்தையைத் தனியாகப் பேசவிட வேண்டும், பெண் ஒருத்தி உடன் போக வேண்டும். எல்லாம் சரியான யோசனைகள்தான். வார்த்தைகளை மாற்றி மாற்றி எழுதினேன், இரண்டு தடவை நகல் எடுத்தேன். எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் காலையில் ஒரு ரயில் உசிலம்பட்டிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. வாசகசாலையில் இருந்தால் அதன் ஊதல் கேட்கும்.

ஒன்பதாம் நாள், கார்டில் எழுதிய தேதியில், போனேன்.

வாசலில் யாரும் இல்லை. மணியகாரர் உள்ளே இருந்து வந்தார். "உங்களுக்கு ஆள் அனுப்பணும்னு இருந்தோம்" என்றார். "காய்ச்சல். ரெண்டே நாள்ல முடிஞ்சுபோச்சு. அடக்கம் பண்ணி இன்னைக்கு அஞ்சாம் நாள்." நான் கேட்காமலே இறப்புப் பதிவை எடுத்துவந்து திறந்து காட்டினார். அவருடைய கையெழுத்தும் நன்றாகவே இருந்தது. பெண், வயது ஏழு, காரணம் காய்ச்சல். ஊரில் யார் செத்தாலும் அந்தப் பதிவில் எழுதுகிறவர் அவர்தான். அதை மேலே படிக்கிறவர்களுக்கு அந்த ஊரே காய்ச்சலில் செத்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

அந்த அம்மாள் அழுதாள். பொய்யான அழுகை என்று என்னால் எழுத முடியவில்லை. அது எனக்குத் தெரியாது. "வெயில்ல வந்திருக்கீக" என்று ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு மைல் சைக்கிள் மிதித்திருந்தேன். வாங்கிக் குடித்தேன்.

ஸ்டேஷன் கடைத்தெருவில் ஒரு தையல்கார பாய் இருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, "சங்கத்துத் தம்பிதானே? என்ன தம்பி, இந்தத் தடவை கார்டு போடலையா?" என்றார்.

"போட்டேனே. எப்படிக் கேட்கிறீங்க?"

"நீங்க கார்டு போட்டா மணியகாரர் வீட்டுலருந்து எனக்கு வேலை வரும்ல. கார்டு வந்த அன்னைக்கே ஆளு வந்துரும், நாலு நாள்ல வேணும்னு. மொதப் பாவாடை. பெறகு சட்டை, அதுக்கு அந்தம்மாவே வந்தாக. 'பாய், கை முழுசா இருக்கணும், மணிக்கட்டு மூடணும்'னாக. இந்த வெயில்லயா தாயின்னேன். 'தைக்கச் சொன்னதைத் தைங்க'ன்னாக. இந்தத் தடவை ஆளு வரல. அதான் கேட்டேன்."

அவருக்கு இன்னும் சாவு விஷயம் தெரியாது. நான் சொன்னேன். மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, சட்டையின் அளவு எழுதிய துண்டுக் காகிதத்தை ஆணியிலிருந்து கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கார்டுக்கும் மூன்றாவதுக்கும் துணி வந்தது. நாலாவது கார்டில் நான் டாக்டர் என்று எழுதியிருந்தேன். சட்டை டாக்டருக்கு எதிரில் எதற்கு உதவும்? அந்தக் கார்டு போய்ச் சேர்ந்ததற்கும் காய்ச்சல் கண்டதற்கும் நடுவில் அந்த வீட்டில் என்ன பேசினார்கள், என்ன செய்தார்கள், அல்லது ஒன்றுமே செய்யாமல் பிள்ளையைக் கிடக்கவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நிஜமாகவே காய்ச்சல்தானோ என்னவோ. தெரியாது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. தெரிந்துகொள்ள எனக்கு எட்டு நாள் இருந்தது.

வாத்தியாரம்மா மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டாள். தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து ஊர்ச் சாவடியில் விசாரணை வைத்தார். புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்க உத்தரவு வாங்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் விசாரணை. வாத்தியாரம்மாவை இரண்டே கேள்வி கேட்டார்கள். "நீ பாத்தது எப்ப?" "தைக்கு முன்னாடி." "அதுக்குப் பெறகு பாத்தியா?" "விடல." அவ்வளவுதான், போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். காரியதரிசி மதுரையிலிருந்து வந்திருந்தார். சங்கத்தின் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. கையில் ஒரு கட்டு. அதிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். என் ரிப்போர்ட்டுகள்.

அதிகாரி அவற்றை உரக்கப் படித்தார். என் இங்கிலீஷ் அந்தச் சாவடியில் நன்றாகத்தான் ஒலித்தது. காமாலையிலிருந்து தேறிவிட்டது. படிப்பு திருப்தி. முழுக்கைச் சட்டை, முன்மாதிரி. வலது கையைப் பயன்படுத்தப் பழக்க வேண்டும் என்ற இடத்தில் அவர் லேசாகச் சிரித்து, "நல்ல கவனிப்பா பாத்திருக்கீங்க" என்றார். பிறகு கேட்டார்:

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"இதுல ஏதாவது பொய் எழுதியிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. "இல்லை" என்றேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

காரியதரிசி என் பக்கம் குனிந்து, "பாரத்துல இல்லாததைச் சொல்லாதேப்பா" என்றார். எதிரில் மணியகாரர் மடியில் கையை வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார். சாவடித் தூணோரம் வாத்தியாரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டே சொன்ன அந்தக் கேள்வியை இங்கே சொல்லுவேன் என்று காத்திருந்தாள். அது பிள்ளையே சொன்ன சாட்சி. வேறு யாரிடமும் அது அதைச் சொல்லவில்லை. பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் நான் எழுதவில்லை.

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

தோண்ட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். என் நாலு பக்க அறிக்கையைக் கமிட்டி பாராட்டி ஏற்றுக்கொண்டது. சங்கம் மணியகாரர் குடும்பத்துக்கு அனுதாபத் தீர்மானம் அனுப்பியது. அதையும் என்னிடம்தான் எழுதக் கொடுத்தார்கள். அதை மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. வாத்தியாரம்மாவை அந்த வருஷமே வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். விசாரணை முடிந்து நான் பக்கத்தில் போனபோது அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அந்த ரயிலும் இல்லை. சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று போடி லைன் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் காலையில் அந்த நேரத்துக்கு எனக்கு ஊதல் கேட்கிறது. கையில் செம்பு இருந்தால் கீழே வைத்துவிடுகிறேன்.

குளிக்கும்போது தழும்பு தண்ணீரில் பளபளக்கும். அதன்மேல் ஒரு சின்ன விரல் வந்து படும். ஒங்களுக்கு எத்தனை? நான் சிரித்துக்கொண்டு ஒண்ணே ஒண்ணு என்கிறேன். அந்தப் பிள்ளை செம்பைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது. அன்றும் அப்படித்தான் நின்றது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே போவதற்கு முன்னால், ஒரு மூச்சு விடுகிற நேரம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. 'ஒனக்கு?' என்று நான் திருப்பிக் கேட்பேன் என்று.